இல்லமும் பள்ளியும்: கை அறியும் கல்வி



இத்திங்கள் வந்த கடிதங்களுள் ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் மும்பையின் புறநகர் ஒன்றில் வாழும் தாயார். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கிறாள். ஐந்து பாடங்களோடு ஆறாவதாகத் திறன் பாடம் ஒன்றையும் எடுத்துக்கொள்ளலாம் எனப் பள்ளியில் கூறியுள்ளனர். பொருள்களை வரைந்து, வடிவமைத்து, செய்து பார்க்கும் பாடத்தைப் பெண் விரும்புகிறாள். தந்தையாரோ, "ரம்பம் பிடிக்கவா இத்தனை தொலைவு வந்து குடியேறினோம்? அந்த நேரத்தில் நாலு கணக்குப் போடட்டும்" என்கிறாராம். "தாங்கள் என்ன கூறுகிறீர்கள்?" என்று அம்மையார் கேட்கிறார்.

நான் பெண்ணின் பக்கமே நிற்கிறேன். ஆயினும் தந்தையாரின் ஐயத்தை எள்ளி நகையாட மாட்டேன். அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1953-இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜியின் அரசு தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. குழந்தைகள் நாளில் சில மணி நேரம் பள்ளியில் பயில வேண்டும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குயவர் மகன் குயவனாகவும், சலவைத் தொழிலாளி மகன் அத்தொழிலிலும் நிலைத்துவிடுவானே என்று மக்கள் அஞ்சினர். "குலக்கல்வி" என்று அதனைச் சாடினர். 1954-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. தமிழர் வீடுகளில் கைத்தொழிலும் பள்ளியும் ஒன்றாகச் சேர்ந்தால் இன்றும் ஒரு திடுக்கிடல் எழுவதற்கு அந்நினைவும் ஒரு காரணம்.

ஆனால் அதே 1953-இல் மற்றொரு குரலும் எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியாரைத் தலைவராகக் கொண்ட இடைநிலைக் கல்வி ஆணையம் தன் அறிக்கையை நாட்டின் முன் வைத்தது. இடைநிலைப் பள்ளியில் பயிலும் ஒவ்வொரு மாணவரும் ஏதேனும் ஒரு கைவினையைக் கற்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. வேற்றுமையைக் காணுங்கள். முன்னது, தந்தையின் தொழிலை மகனுக்கு என்றது. பின்னது, எவர் வீட்டுப் பிள்ளையாயினும் கை பழக வேண்டும் என்றது. முன்னது பிறப்போடு தொழிலைப் பிணைத்தது. பின்னது அப்பிணைப்பை அறுப்பதற்கு வழி காட்டியது.

அப்பரிந்துரை நன்கு வேரூன்றவில்லை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணையம் "பணி அனுபவம்" என்றது. 1977-இல் அமைந்த ஈசுவர்பாய் படேல் குழு "சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி" என்று வேறு பெயரிட்டது. அப்பாடத்தின் ஆங்கிலப் பெயரின் நான்கு முதலெழுத்துகளுக்கு மாணவர்களே வேறு விரிவு கற்பித்துக்கொண்டனர்: "பயனுள்ள சில பாடவேளைகள் பாழ்!" நகைச்சுவைதான், ஆயினும் உண்மை அதில் உறைந்திருந்தது. தேர்வுக்கு உரிய பாடங்கள் மேல், கைக்கு உரிய பாடம் கீழ் என்ற எண்ணம் மாறாதவரை, பெயரை மாற்றிப் பயன் என்ன?

இனி, இப்பாடத்தில் கற்பது என்ன? ரம்பமும் உளியும் பிடிக்கக் கற்பது அதன் ஒரு பகுதியே. அதன் உயிர் வேறிடத்தில் உள்ளது. நம் வீட்டுச் சொம்பை எடுத்துக்கொள்வோம். 1958-இல் இந்திய அரசின் அழைப்பின்பேரில் சார்லசு ஈம்சு, ரே ஈம்சு என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் இணையர் ஓர் அறிக்கை தந்தனர். அகமதாபாத்தில் 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றுவதற்கு அடிப்படையானது அவ்வறிக்கை. நம் நாட்டில் அவர்கள் கண்ட பொருள்களுள் மிக அழகியதாக அவர்கள் பாராட்டியது சொம்பையே! எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? இடுப்பிலோ தலையிலோ கையிலோ எவ்வாறு தங்கும்? நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கும்? ஊற்றும்போது எப்படிச் சாயும்? துலக்க எளிதா? விலை என்ன? இத்தனை வினாக்களுக்கும் தலைமுறை தலைமுறையாக விடை தேடித் தேடியே அவ்வடிவம் அமைந்தது என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். அவ்வினாக்களை எழுப்பக் கற்பதே இப்பாடம்.

மும்பை மான்கூர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தினர் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இம்முறையைப் பள்ளி மாணவரிடையே நடத்தி ஆராய்ந்தனர். நகரத்துப் பிள்ளைகளும் சிற்றூர்ப் பிள்ளைகளும் குழு குழுவாக அமர்ந்து பை ஒன்றையும், எடை தூக்கும் காற்றாலை மாதிரி ஒன்றையும் தாமே திட்டமிட்டு, வரைந்து, செய்தனர். முதலில் வரைபடம், பின்னர்ச் செய்பொருள், அதன் பின்னர்ச் சோதனை. இவ்வொழுங்கே சிறப்பு.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மகன் எட்டாம் வகுப்பில் பயின்றபோது பாலம் ஒன்றின் மாதிரியைச் செய்து வரச் சொன்னார்கள். இரவு பதினொரு மணி வரை அமர்ந்து நானே அதனைச் செய்து முடித்தேன். பார்த்தவர் எல்லாரும் வியந்தனர். மறுநாள் ஆசிரியர், "சட்டங்களை ஏன் முக்கோணமாக அமைத்தாய், சதுரமாக ஏன் அமைக்கவில்லை?" என்று கேட்டாராம். "அப்பாவைத்தான் கேட்க வேண்டும், ஐயா" என்றானாம் என் மகன். நான்கு குச்சிகளால் சதுரம் கட்டி ஒரு மூலையை அழுத்தினால் அது சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. அவன் கையால் ஒருமுறை கட்டியிருந்தால் எக்காலத்தும் மறந்திருக்க மாட்டான். அந்த அறிவை அவனிடமிருந்து பறித்தவன் நானே.

சில ஆண்டுகள் சென்று என் மகளுக்கு இத்தகைய பணி வந்தபோது என் கைகளைக் கட்டிக்கொண்டேன். வீட்டில் ஒருவருக்குள்ள இடர் ஒன்றைத் தீர்க்கும் பொருளைச் செய்ய வேண்டும் என்பது பணி. என் தாயாருக்கு விரல் மூட்டுகளில் வலி. ஊறுகாய்ப் புட்டியின் மூடியைத் திறக்க இயலாது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி, மூடியில் சுற்றித் திருகச் சொன்னாள் மகள். வழுக்கல் நின்றது, வலி நிற்கவில்லை. அப்பட்டையை நான்கு விரல் நீளமுள்ள மரத்துண்டில் ஆணி அறைந்து பொருத்தினாள். "சற்றுத் தேவலாம், கண்ணு" என்றார் பாட்டி. பின்னர் அம்மரத்தை ஒரு சாண் ஆக்கினாள். மூடி எளிதில் சுழன்றது! அறிவியல் நூலில் நெம்புகோல் என்று படித்ததன் பொருள் அன்றுதான் அவளுக்கு விளங்கிற்று. அக்கருவி காண அழகாக இல்லை. ஆணி ஒன்று கோணியிருந்தது. எங்கள் சமையலறையில் அது இன்றும் தொங்குகிறது. என் பாலம் குப்பைக்குப் போய் நெடுங்காலம் ஆயிற்று.

காலம் இப்போது சாதகமாகவே உள்ளது. 2016-இல் தொடங்கிய அடல் திட்டத்தின் கீழ்ப் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட பள்ளிகளில் செய்முறைக் கூடங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றிற்கும் 20 இலட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் புத்தகப் பை இன்றிப் பத்து நாள் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் பயில வேண்டும் என்கிறது. எனினும் கூடமும் கொள்கையும் வாயில் வரைதான் வரும். உள்ளே பெற்றோர் தடுத்தால் அவை என்ன செய்யும்?

ஆகவே பெற்றோருக்குச் சில சொற்கள். கடையில் விற்கும் ஆயத்த மாதிரிகளை வாங்கித் தராதீர்கள். பிள்ளையின் கோணல் படத்தைத் திருத்தி வரையாதீர்கள். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள், விடையைப் பொறுமையாகக் கேளுங்கள். ஒரு மூலைமட்டம், சிறு ரம்பம், உப்புத்தாள், அளவுகோல் இவை வீட்டில் இருக்கட்டும். முதலில் பக்கத்தில் நின்று பிடிக்கக் கற்பியுங்கள். பின்னர் விலகி நில்லுங்கள். மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும் அவ்வாறே. அண்மை ஆண்டுகளில் நடுவண் வாரியத்தின் பத்தாம் வகுப்பு விதிகளில், கணிதம் போன்ற பாடம் ஒன்றில் தவறினால் திறன் பாடம் அதற்கு ஈடாகும் என்ற சலுகை இருந்தது. அதனை மழைக்குக் குடையாக மட்டும் எண்ணி இப்பாடத்தை எடுப்போர் அதன் பயனை இழப்பர்.

கடிதம் எழுதிய அம்மையாரே! தங்கள் கணவரிடம் நான் வணக்கத்துடன் கூறியதாக இதனைச் சொல்லுங்கள். மகளைப் பொறியாளராக்க அவர் விரும்பலாம். ஒரு மூடியைக்கூடக் கையால் ஆராய்ந்து அறியாதவர் நாளை எந்தப் பொறியை ஆள்வார்? தம் முன்னோர் கைவேலையால் இழிவுற்றனர் என்று அவர் வருந்தினால், அவ்வருத்தம் நியாயமே. இழிவு கைவேலையில் இல்லை. சிலர் மட்டும் செய்க, மற்றோர் காண்க என்று வகுத்த வழக்கத்தில் இருந்தது. எல்லார் பிள்ளைகளும் ஒரே மேசையில் ரம்பம் பிடிக்கும் நாளில் அவ்வழக்கம் தானே தளரும். தங்கள் மகள் அம்மேசைக்குச் செல்லட்டும்.

அவள் செய்யும் முதற்பொருள் கோணலாகவே இருக்கும். அதனைத் தங்கள் கூடத்தில் அனைவரும் காணும் இடத்தில் வையுங்கள்.