ஆடு மேய்க்கத்தான் லாயக்கு



போன வாரம் ஒரு துக்க வீட்டுக்காக மலையாளப்பட்டி பக்கம் போயிருந்தேன். திரும்பும்போது பச்சைமலை அடிவாரத்தில் செம்மறி மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்து, "சார், என்னைத் தெரியுதுங்களா?" என்றார். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். வாய்ப்பாடு வராது. "நீ ஆடு மேய்க்கத்தான்டா லாயக்கு" என்று வகுப்பே கேட்கத் திட்டியிருக்கிறேன். எனக்கு நினைவிருந்தது. அவனுக்கும் இருந்தது. "நீங்க சொன்ன மாதிரியே ஆயிட்டேன் சார்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது உருப்படி, எல்லாம் திருச்சி கருப்பு. நம் பெரம்பலூர், அரியலூர் சீமைக்கு உரிய இனம். கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. மற்றபடி என் கண்ணுக்கு எல்லாம் ஒரே கருப்பு. அவனோ எது எந்தத் தாயின் குட்டி, எது எந்த மாதம் சினையானது என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். மக்காச்சோளம் அறுத்த காட்டில் பசியோடு ஆட்டை விடமாட்டானாம். சிந்திய மணியை வயிறு முட்டத் தின்றால் உள்ளே புளித்து ஆடு செத்துவிடும். மழையில்லாமல் வாடின இளஞ்சோளப் பயிரும் ஆகாது. அதில் இருப்பது சயனைடு வகை நஞ்சு என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும். எந்தக் காட்டில் பயிர் வாடிக் கிடக்கிறது என்று பார்த்து மந்தையைத் திருப்புகிறவன் அவன். துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் ஊசி போட்ட தேதியெல்லாம் பழைய காலண்டரில் குறித்து வைத்திருக்கிறான். வாய்ப்பாடு வராதவன்!

இப்போது என் கருத்து. தேசிய கால்நடை இயக்கத்தில் ஆடு வளர்க்க 50 சதவீத மானியம் தருகிறார்கள். ஆனால் அது 100 பெட்டை, 5 கிடா என்ற அளவில்தான் தொடங்குகிறது. அதற்கு நிலம் வேண்டும், கொட்டகை வேண்டும், வங்கிக் கடன் வேண்டும். 2011இல் மாநில அரசு ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடு கொடுத்தது நினைவிருக்கும். நான்குக்கும் நூறுக்கும் நடுவில்தான் நம் ஊர் ஆட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். தொழில் தெரிந்தவர்களும் அவர்கள்தான். இருபது உருப்படிக்கும் ஒரு கணக்குப் போட்டால் என்ன? மேய்ச்சல் புறம்போக்கை அளந்து விட்டாலே பாதிப் பாரம் இறங்கும்.

யூடியூப் பார்த்துவிட்டு, வேலையை விட்டு பரண் கட்டிப் போயர் ஆடு வளர்க்கலாமா என்று என்னிடம் கேட்கும் தம்பிகளே, முதலில் ஒரு பருவம் இவனைப் போன்ற ஒருவனோடு வெயிலில் நடந்து பாருங்கள். அப்புறம் கடன் வாங்கலாம்.

அவனிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவன் பேஸ்புக்கில் இல்லை, அதனால் இங்கே சொல்வது சுலபமாக இருக்கிறது. அடுத்த முறை நேரில் சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது ஒன்று கேட்டான். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள், "என்ன மார்க் எடுக்கணும் சார்?" என்று. கட்-ஆப் விவரம் எனக்குச் சரியாகத் தெரியாது. உங்களில் கால்நடை மருத்துவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். யாராவது இன்பாக்ஸில் வாருங்கள், அவன் எண்ணைத் தருகிறேன்.