பழைய காரின் ஆயுளை முடிவு செய்வது யார்?

தலைநகர் தில்லியில் பழைய கார் வைத்திருப்பவர் அதன் இன்ஜினை விட நாட்காட்டிக்கே அதிகம் அஞ்ச வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் பானட்டைத் திறந்து வைத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஏர் ஃபில்டரைத் தட்டி மாட்டி, ஆயிலைத் தானே மாற்றிக் கொள்ளும் ஓய்வுபெற்ற அரசு ஊழியருக்கும், ஐந்தாண்டுகளாக எந்தப் பணிமனைக்கும் வண்டியை அனுப்பாதவருக்கும் ஒரே சட்டம்தான். டீசல் வாகனமானால் 10 ஆண்டுகள். பெட்ரோல் வாகனமானால் 15 ஆண்டுகள். அதன்பின் அது வாகனமன்று, பழைய இரும்பு.

15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு எதிரான உத்தரவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரிலும், 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களுக்கு எதிரான உத்தரவை 2015 ஏப்ரலிலும் பிறப்பித்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு வலுச் சேர்த்தது. ஆயினும் பல ஆண்டுகள் அவை பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தன. 2025 ஜூலை 1 முதல் இத்தகைய வாகனங்களுக்கு எரிபொருள் வழங்கக் கூடாது என்று காற்றுத் தர மேலாண்மை ஆணையம் கட்டளையிட்டபோதுதான் நடுத்தர வர்க்கம் விழித்துக் கொண்டது. ஆணையத்தின் கணக்குப்படி தில்லியில் மட்டும் இவ்வகை வாகனங்கள் சுமார் 62 லட்சம். அவற்றில் பெரும்பகுதி இரு சக்கர வாகனங்கள். எழுந்த எதிர்ப்பில் இரண்டே நாளில் தில்லி அரசு பின்வாங்கியது. தடையை நிறுத்தி வைக்குமாறு ஆணையத்துக்குக் கடிதம் எழுதியதோடு, 2018 உத்தரவை மறுபரிசீலனை செய்யக் கோரி உச்ச நீதிமன்றத்தையும் அணுகியது. ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டுமே காரணமாகக் காட்டி உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது என்றது நீதிமன்றம். குளிர்காலப் புகைமூட்டம் தலைநகரைச் சூழ்ந்திருந்த டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு, பாரத் ஸ்டேஜ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட தரமுள்ள வாகனங்களுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது.

வயது என்ற கோட்டை விட, தரம் என்ற கோடு நியாயமானது. பழுது நீக்குதலால் ஒரு வாகனத்தை அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் நிலைக்கு மீட்கலாம். அடுத்த தலைமுறைத் தரத்துக்கு உயர்த்த முடியாது. பாரத் ஸ்டேஜ்-3 டீசல் காருக்கு அனுமதிக்கப்பட்ட துகள் மாசு கிலோமீட்டருக்கு 0.05 கிராம். ஸ்டேஜ்-4இல் அது 0.025; ஸ்டேஜ்-6இல் 0.0045. உரிமையாளர் எத்தனை அக்கறையுடன் பேணினாலும் இந்த இடைவெளியை ஸ்பானரால் அடைக்க இயலாது. 'நன்றாகப் பராமரிக்கப்பட்ட கார் மாசுபடுத்தாது' என்று தலைநகரில் ஒலித்த வாதம் பாதி உண்மையே.

மறுபாதி உண்மையை அரசு கவனித்ததாகத் தெரியவில்லை. சாலையில் நீடிக்க அனுமதி பெற்றுள்ள ஸ்டேஜ்-4 கார்கள் ஆண்டுதோறும் மூப்படைந்து கொண்டேயிருக்கின்றன. தில்லியில் இத்தரம் 2010 ஏப்ரலிலேயே நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு வாங்கிய பெட்ரோல் கார் 2025இல் 15 ஆண்டுகளை எட்டிவிட்டது. இவை எவ்வளவு புகை கக்கும் என்பது இனி பழுது பார்ப்பவரின் கையில் இருக்கிறது.

அம்பாசிடர், மாருதி 800 காலத்தில் அது பெரும் வித்தையன்று. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வண்டியைக் கிளப்பும்போது மட்டும் வந்து மறைந்தால் வால்வு சீல். வேகமெடுக்கும் போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக் கூடும். கரும்புகை என்றால் காற்றை மீறிய எரிபொருள். முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர், அடுத்தது கார்புரேட்டர். கண்ணும் காதும் மூக்குமே கருவிகள்.

ஸ்டேஜ்-4 கார் அப்படிப்பட்டதன்று. கணினி எரிபொருளை அளந்து செலுத்துகிறது. ஆக்சிஜன் சென்சார் வெளியேறும் புகையை வேவு பார்க்கிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நச்சு வாயுக்களைச் சிதைக்கிறது. கோளாறு நேர்ந்தால் ஒரு சிறு விளக்கு எரியும். ஸ்கேனரைப் பொருத்தினால் பி-0171 போன்ற ஒரு குறியீடு கிடைக்கும். கலவையில் எரிபொருள் குறைவு என்பது அதன் பொருள். அனுபவமற்றவர் உடனே சென்சாரை மாற்றுவார். உண்மையில் வெடித்த ஒரு ரப்பர் குழாய் வழியே காற்று கசிந்து கொண்டிருக்கலாம். குறியீடு நோயின் அறிகுறியைச் சொல்லும், நோயைச் சொல்லாது. ஒரு சிலிண்டர் சரிவர எரியாமல் பெட்ரோல் வீணே வெளியேறினால், அது கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதையே உருக்கிவிடும். சில நூறு ரூபாய் பிளக்கை உரிய நேரத்தில் மாற்றாததன் விலை பிளாட்டினமும் பல்லேடியமும் பூசிய ஒரு கருவி. மாற்றப் பணமில்லாதவர்கள் அதன் உட்புறத்தை உடைத்தெறிந்துவிட்டு வெற்றுக் கூட்டை மாட்டிக் கொள்வதும் நடக்கிறது.

மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழை நம்பலாமென்றால், அச்சோதனை பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும், டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியையும் மட்டுமே பார்க்கிறது. தில்லி மூச்சுத் திணறும் நுண்துகள்களையோ நைட்ரஜன் ஆக்சைடுகளையோ அது அளப்பதில்லை.

சரியான பாகமும் கையேடும் கண்டறியும் கருவியும் நிறுவனப் பணிமனைக்கு வெளியே கிடைக்கின்றனவா என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு நுகர்வோர் அளித்த புகாரின் பேரில் விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரி பாகங்களும் கருவிகளும் வெளிச்சந்தைக்குச் செல்லாமல் தடுக்கப்பட்டன என்பதே குற்றச்சாட்டின் சாரம். 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தன் முன் வந்த மூன்று நிறுவனங்களின் வழக்கில் முடிவை ஏற்று அபராதத்தை மட்டும் வெகுவாகக் குறைத்தது. காஷ்மீரி கேட் உதிரி பாகச் சந்தையிலும் மாயாபுரி பழைய இரும்புக் கடைகளிலும் ஆயிரக்கணக்கானோர் இன்றும் தேடி அலைவதற்கு விலை மட்டுமே காரணமன்று.

மத்திய அரசின் கொள்கையிலேயே முரண் உண்டு. 2021இல் அறிமுகமான வாகன அழிப்புக் கொள்கை வயதை விடத் தகுதிச் சோதனையை முன்னிறுத்தியது. ஆனால் 2025 ஆகஸ்டில், 20 ஆண்டுகளைக் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்ந்தது. சோதனையில் தேறினாலும் தண்டனை உண்டு என்று வாகன உரிமையாளர் இதைப் புரிந்து கொண்டால் அவரைக் குறை கூற முடியாது.

நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் 'பழுது நீக்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்தபோது, வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்களுடன் மோட்டார் வாகனங்களையும் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு இறுதியில் இணையதளமும் திறக்கப்பட்டது. 2025 மே மாதம் அளிக்கப்பட்ட மற்றொரு குழுவின் அறிக்கை, பொருள்களின் பழுது நீக்கும் எளிமைக்குக் குறியீடு வழங்கப் பரிந்துரைத்தது. அக்குறியீடு முதற்கட்டமாகக் கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும்தான். அப்பட்டியலில் கார் இடம்பெறவில்லை.