வேகத்தின் எசமான் யார்?

தோழனே!

விருதுநகரையும் சாத்தூரையும் இணைக்கும் நான்கு வழிச் சாலையிலே ஒருவன் அடிபட்டு மாள்கிறான் என்று வைத்துக்கொள். அடித்த வண்டி நின்றிருக்கலாம், நில்லாமல் பறந்திருக்கலாம். மழை பெய்திருக்கலாம், விளக்கு அணைந்திருக்கலாம். ஓட்டி வந்தவன் முந்தைய நாள் காலை முதல் கண் மூடாதவனாகவும் இருக்கலாம். எதுவாயினும், காவல் நிலையத்திலே எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையில் ஒரு தொடர் பெரும்பாலும் தவறுவதில்லை: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து..."

அடுக்கிக் கட்டி வைத்த அச்செழுத்து அது. சிவகாசிக்காரனுக்கு அச்சுத் தொழிலைப் பற்றி நான் சொல்லித்தரத் தேவையில்லை. பெயர் மாறும், வண்டி எண் மாறும், பிணம் மாறும். கட்டி வைத்த வரி மாறாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவாக இருந்தது, 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவாயிற்று. நம் நாவிலே நுழையாத பெயரைச் சட்டத்திற்குச் சூட்டத் தெரிந்த தில்லிக்கு, அந்த வரிக்குப் பின்னே யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை!

இத்தகைய வரிகளைக் கூட்டித்தான் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறார்கள். 2022-ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளிலே மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு எழுபத்தொருவர் அதிவேகத்தால் மாண்டனர் என்கிறது மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையிலே முதலிடம் எந்த மாநிலத்திற்கு? நம் தமிழகத்திற்கு! 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். எதிலே முதலிடம் என்றாலும் பூரித்துப் போகும் நாம், இந்த முதலிடத்தைச் சுவரொட்டியிலே போட முடியுமா?

கணக்கு வெளியானதும் கூக்குரல் எழுகிறது. "வேகத்தைக் கட்டுப்படுத்து! அபராதத்தைக் கூட்டு! கேமராவை நடு!" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நம்முடைய தோழர்களிலே சிலர் இதற்கு நேர்மாறாக, "எல்லாம் வசூல் வேட்டை, வேகத்திற்கும் விபத்திற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கின்றனர். முன்னவர்கள் பாதி உண்மை பேசுகிறார்கள். பின்னவர்கள் பேசுவது முழுப் பிழை.

வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால், தடுப்பை அழுத்திய பின் அது உருண்டோடி நிற்கும் தொலைவு இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. 80 கிலோமீட்டர் வேகத்திலே வருபவன் ஒரு விநாடி கண்ணயர்ந்தால் 22 மீட்டரைப் பார்க்காமலே கடந்துவிடுகிறான். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால், சாவில் முடியும் விபத்தின் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. அமெரிக்காவிலே 1974-ஆம் ஆண்டு எண்ணெய்ப் பஞ்சம் வந்தபோது, பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக நாடு முழுதும் மணிக்கு 55 மைல் என்று வரம்பு கட்டினார்கள். முந்தைய ஆண்டு 54 ஆயிரத்தைத் தாண்டியிருந்த சாவு, அந்த ஓராண்டிலேயே 45 ஆயிரமாக இறங்கிற்று. மக்கள் பயணத்தைக் குறைத்துக் கொண்டதும் ஒரு காரணம்தான்; ஆனால் அது மட்டுமே காரணமன்று. எண்ணெயைக் காக்கப் போட்ட வேலி உயிரையும் காத்தது.

அப்படிப் பறந்து நாம் மிச்சப்படுத்துவதுதான் என்ன? ஐம்பது கிலோமீட்டரை 80-இல் ஓடினால் முப்பத்தேழரை நிமிடம். 100-இல் ஓடினால் முப்பது. மிச்சம் ஏழரை! சனி பிடிப்பதிலே நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆயினும் இந்த ஏழரை பிடித்த வீடுகளை நீயும் நானும் பார்த்திருக்கிறோம்.

ஆகவே, வேகத்திற்கு வரம்பு வேண்டும். கண்டிப்பும் வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான்: கண்டிப்பு யார் மீது?

நாடகம் எழுதிப் பழகிய கை. ஒரு சிறு காட்சியாகவே காட்டிவிடுகிறேன். இடம் நீதிமன்றம். கூண்டிலே ஒரு லாரி ஓட்டுநர்.

"ஏன் அவ்வளவு வேகம்?"

"சரக்கு ஏற்றி முடிந்தது இரவு பத்து மணி, ஐயா. விடியுமுன் இறக்க வேண்டும் என்றார்கள்."

"விடியுமுன் போய்ச் சேர முடியுமா?"

"சட்டப்படி ஓட்டினால் முடியாது."

"முடியாது என்று சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். அடுத்த நடைக்கு என் இருக்கையிலே வேறொருவன் உட்கார்ந்திருப்பான்."

"நேரம் குறித்தவர் யார்?"

இந்தக் கேள்வியோடு காட்சி முடிந்துவிடுகிறது, தோழனே. ஏனெனில் இந்தக் கேள்வியை நம் நீதிமன்றங்களிலே பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. நேரம் குறித்தவர் கூண்டுக்கு வருவதில்லை. கேமரா அனுப்பும் அபராதச் சீட்டு வண்டியின் உரிமையாளர் பெயருக்குத்தான் போகிறது. ஆனால் அது ஓட்டுநரின் படியிலே கழிக்கப்படுவதுண்டு. வசூலுக்கு ஏற்பப் படி வாங்கும் தனியார் பேருந்து ஓட்டுநர், முன்னே போகும் வண்டியை முந்தி அடுத்த நிறுத்தத்துப் பயணிகளை அள்ளிக்கொள்ளத் துடிக்கிறான். அவன் காலுக்குக் கீழே இருப்பது முடுக்கி. அந்தக் காலின் மேலே இருப்பது யாருடைய கை?

வெம்பக்கோட்டைப் பக்கத்துத் தோழனுக்கு இந்தக் கதை புதிதன்று. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: நாற்பதை நெருங்கிய உயிர்கள் ஒரே நாளிலே கருகின. 2021 பிப்ரவரி, அச்சங்குளம்: இருபதுக்கு மேற்பட்டோர். 2025 சூலை முதல் நாள், சின்னக்காமன்பட்டி: மீண்டும் கரும்புகை, மீண்டும் ஒப்பாரி. ஒவ்வொரு முறையும் முதலிலே வெளிவரும் விளக்கம் என்ன? "மருந்து உராய்ந்து வெடித்தது; தொழிலாளியின் கவனக்குறைவு." சாலையிலே அஜாக்கிரதை, ஆலையிலே கவனக்குறைவு. வடசொல்லைத் தமிழாக்கினார்களே தவிர, பழியைச் சுமப்பவனை மாற்றினார்களா?

மருந்து ஏன் உராய்கிறது? கை பறப்பதால் உராய்கிறது. கை ஏன் பறக்கிறது? எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் பறக்கிறது. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவியும். ஓர் அறைக்கு நான்கு பேர் என்ற வரம்பை மீறிப் பலர் அமர்த்தப்படுவார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளோ உள்குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். எத்தனை பேர் எங்கே இருந்தார்கள் என்பது பிணம் எண்ணும்போதுதான் தெரியவரும். அங்கே வரம்பு இல்லையா? இருக்கிறது. சோதனை இல்லையா? அதுவும் நடக்கிறது. கூலியின் அமைப்பு "விரைந்து செய்" என்று அதட்டும் இடத்திலே, சுவரில் தொங்கும் பலகை "மெல்லச் செய்" என்று முனகுகிறது. வயிறு எதைக் கேட்கும்?

1976-ஆம் ஆண்டையும் இந்த வட்டாரம் மறந்துவிடக்கூடாது. தீப்பெட்டி ஆலைகளுக்குச் சிறுவர்களை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகிப் பிஞ்சு உயிர்கள் பல மடிந்தன. அதன்பிறகுதான் ஹர்பன்ஸ் சிங் தலைமையிலே ஒரு குழு அமைக்கப்பட்டு, ஆலைகளிலே குழந்தைகள் வேலை செய்யும் நிலை ஆராயப்பட்டது. ஒரு சாலை விபத்து, ஆலையின் கதவைத் திறந்து காட்டிற்று. பள்ளிக்கூடத்திலே இருக்க வேண்டிய பிள்ளைகள் அந்த வண்டியிலே ஏன் இருந்தார்கள் என்ற கேள்வி, வண்டி எத்தனை கிலோமீட்டர் வேகத்திலே வந்தது என்ற கேள்வியைக் காட்டிலும் பெரிதாயிற்று. அப்படிக் கேட்கத் தெரிந்திருந்தது அன்று.

சட்டத்திலே இடமில்லையோ என்று ஐயுறாதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவை எடுத்துப் பார். வரம்பு மீறி ஓட்டுபவனை மட்டுமன்று, தன்னிடம் வேலை செய்பவனை அவ்வாறு ஓட்டச் செய்பவரையும் அது தண்டிக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அபராதத்தைச் சிறு வண்டிக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம், கனரக வண்டிக்கு இரண்டாயிரம் முதல் நான்காயிரம் என்று உயர்த்திற்று. அதே திருத்தத்திலே 198-ஏ என்றொரு பிரிவு: சாலையைத் தரக்கேடாக வடிவமைத்து, அமைத்து, பராமரித்து, அதனால் உயிர் போனால் ஒப்பந்தக்காரருக்கும் பொறுப்பான அமைப்புக்கும் அபராதம் உண்டு. எவ்வளவு? ஒரு லட்சம் வரை! கோடிகளிலே சாலை போடுகிறவருக்கு லட்சம். நாள் படியிலே வண்டி ஓட்டுகிறவனுக்கு ஆயிரங்கள். இதிலே எது யாருக்கு வலிக்கும் என்பதைக் கணக்குப் போடக் கல்லூரிப் படிப்புத் தேவையில்லை. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி, வாரத்திற்கு 48 மணி என்று வேலையை வரையறுத்தது. அந்த எட்டு மணியை எந்தச் சாலையிலே எந்தக் கருவி வைத்து அளந்தார்கள்? ஓட்டுநரின் வேகத்தை அளக்கக் கருவி கண்ட அரசுகள், அவன் உறக்கத்தை அளக்க ஒரு நோட்டுப் புத்தகத்தைக்கூடச் சரிவரப் புரட்டவில்லை.

கருவி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கப்பலூரிலே ஒரு சுங்கச்சாவடி. சாத்தூருக்குப் போகும் வழியில் எட்டூர்வட்டத்திலே இன்னொன்று. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். எந்த வண்டி எந்த நொடியிலே முதற் சாவடியைக் கடந்தது, எந்த நொடியிலே அடுத்ததைக் கடந்தது என்பது அவர்கள் பெட்டியிலே பதிவாகிவிடுகிறது. தொலைவை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம். இடையிலே தேநீர் குடித்தவன் தப்புவான்; ஆனால் சராசரியே வரம்பைத் தாண்டியிருந்தால் மறுக்க வழியில்லை. எந்த நிறுவனத்தின் வண்டிகள் நாள்தோறும் தாண்டுகின்றன என்பதும் அம்பலமாகும். பிரிட்டனிலே இரண்டு இடங்களுக்கிடையே சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்கள் நெடுநாளாக உள்ளன. இங்கே பணம் எடுக்க மட்டும் கண் விழித்திருக்கும் கருவி, உயிர் காக்க மட்டும் உறங்குவானேன்? வளைவிலே பதுங்கி நின்று பிடிக்கும் முறையைக் காட்டிலும் இது நேர்மையானது. பதுங்கிப் பிடிப்பவனைக் கண்டால் வேகம் குறையும், கடந்ததும் கூடும்.

பிரான்சு நாட்டைப் பார். 2018 சூலையில் நாட்டுப்புறச் சாலைகளின் வரம்பை 90-இலிருந்து 80 ஆக இறக்கினார்கள். அவ்வாண்டு சாவு அதுவரை காணாத அளவுக்குக் குறைந்தது, 3,248. ஆனால் அதே ஆண்டின் இறுதியிலே மஞ்சள் சட்டைக் கிளர்ச்சி வெடித்தது. வேகக் கேமராக்களிலே ஏறத்தாழ அறுபது விழுக்காடு சிதைக்கப்பட்டதாக அந்நாட்டு உள்துறை அமைச்சரே 2019 சனவரியில் சொன்னார். உயிர் காக்கும் சட்டத்தையும், தன்னிடமே வாங்கப்படும் வரியாக எளியவன் உணர்ந்துவிட்டால் கல்லெடுக்கிறான். சுவீடன் வேறு வழி கண்டது. மனிதன் தவறு செய்வான். அந்தத் தவறுக்குச் சாவு தண்டனையாகாதபடி சாலையை அமை என்று 1997-இல் அதன் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. எதிரும் புதிருமாக வண்டிகள் வரும் சாலையின் நடுவே கம்பிவடத் தடுப்பு இழுத்தார்கள். நேருக்கு நேர் மோதுவதற்கு வழியே இல்லாமற் செய்தார்கள்.

இங்கே நான்கு வழிச் சாலை நம் ஊர்களை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகிறது. ஒருபுறம் வீடு, மறுபுறம் கடை, காடு, பேருந்து நிறுத்தம். கடக்க வேண்டியவளோ தலையிலே சுமை, இடுப்பிலே பிள்ளை. 2022-இல் மாண்டவர்களிலே நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியிலே சென்றவர்கள். ஏறத்தாழ இருபது பேர் நடந்து சென்றவர்கள். வேகத்தின் இன்பம் ஒருவனுக்கு, விலை இன்னொருவனுக்கு!

இனி நம் வீட்டுக்கே வருகிறேன், கசந்தாலும் கேள். மாநாடு என்றால் கொடி கட்டிய கார்கள் எப்படிப் போகின்றன? முன்னே ஒன்று பறக்க, பின்னே இருபது துரத்த, கை காட்டும் காவலர் கொடியைக் கண்டு கையை இறக்கிக்கொள்கிறார். ஏழையின் லாரியை நிறுத்தும் கை, நம் கொடிக்குமுன் தாழ்கிறது என்றால், அது நமக்குப் பெருமையா? வண்டிகளை வாடகைக்கு அமர்த்தி, "எட்டு மணிக்குள் பந்தலிலே இருக்க வேண்டும்" என்று ஓட்டுநரை நெருக்கும் கிளைச் செயலாளர், 183-ஆம் பிரிவு சொல்லும் அந்த "ஓட்டச் செய்பவர்" அல்லாமல் வேறு யார்? அடுத்த மாநாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படுங்கள். தாமதமாக வந்தால் என் பேச்சின் முற்பகுதியைத் தவறவிடுவீர்கள். அது தாங்கிக்கொள்ளக்கூடிய இழப்புத்தான்.

அதற்கு முன்பாக ஒரு வேலை இருக்கிறது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையிலே சாலைப் பாதுகாப்புக் குழு உண்டு. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர், இராசபாளையம் கிளைகள் இவ்வாரமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதட்டும். கடந்த ஐந்து ஆண்டுகளிலே 183-ஆம் பிரிவின்கீழ் ஓட்டுநர்கள் மீது எத்தனை வழக்குகள், அவர்களை ஓட்டச் செய்தவர்கள் மீது எத்தனை? 198-ஏ பிரிவிலே இம்மாவட்டத்தில் ஒரு வழக்கேனும் உண்டா? கப்பலூர், எட்டூர்வட்டம் சாவடிகளின் நேரப் பதிவைக் காவல்துறை ஒரு முறையாவது கேட்டதுண்டா? சட்டப்படி முப்பது நாளிலே பதில் வரவேண்டும். வந்ததும் ஒரு படியை நம் ஏட்டுக்கு அனுப்பிவை. இதே பக்கத்திலே அச்சிடுவோம்.