பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற பொருளா இது?

கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள். சிலருக்குக் கோபம் வரலாம். வந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஓடக்கூடிய ஒரு மிஷினை, ரிப்பேர் பார்க்கச் சோம்பல்பட்டுக் காயலான் கடையில் கிலோ கணக்கில் போடுவது தவறு. படிக்காதவர் செய்தால் தெரியாமல் செய்தார் என்று விட்டுவிடலாம். பி.இ. படித்தவர்களும் எம்.எஸ்ஸி. படித்தவர்களும் செய்யும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதில் சில பேருக்கு நானே இயற்பியல் நடத்தியிருக்கிறேன் என்பதால் கூடுதல் வெட்கம்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் இந்தப் பேச்சு வந்தது. மேலூர் பக்கம் தோப்பு வைத்திருக்கும் என் அண்ணன் மகன், வீட்டில் கிடக்கும் மரம் அறுக்கும் மிஷினை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் புதிது எடுக்கப் போவதாக எழுதினான். பழையதற்கு 1,500 ரூபாய் கழிப்பார்களாம். வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் ஒருவன்தான் "வேண்டாம்" என்று எழுதினேன். "மாமாவுக்குப் பழசு எதைப் பார்த்தாலும் பாசம்" என்று ஒரு மருமகள் சிரிப்புப் பொம்மை போட்டாள்.

பாசம் இல்லையம்மா, கணக்கு. கணக்கையே சொல்கிறேன்.

அந்த மிஷினை என் அண்ணன் ஒரு மர டிப்போவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது 1990களில். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டை என்று தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்துவிட்டுப் போனதே, நினைவிருக்கிறதா? விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தினால்தான் வீட்டுக்குப் பாதை, மோட்டார் கொட்டகைக்குக் கரண்ட், அடுத்த கன்றுக்குக் குழி. அன்றைக்கு ஊர் ஊராகத் தேடியது இரண்டே பொருள்தான்: ஜெனரேட்டரும் மரம் அறுக்கும் மிஷினும். என் அண்ணியின் பிறந்த வீடு பேராவூரணிப் பக்கம். இந்த "பழைய இரும்பு" அங்கே இருபத்திரண்டு நாள் வேலை செய்தது. பெட்ரோலும் ஆயிலும் தவிர அது எதுவும் கேட்கவில்லை.

ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை படைக்கிறோம். அடுத்த மாதம் பேரீச்சம்பழத்துக்குப் போடுகிறோம். இது என்ன பக்தி?

இப்போது அது ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். கடையின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கையில் எடுக்கவில்லை. "ஸ்பேர் வராதுங்க. புதுசு பாத்துக்கங்க" என்று விலைப்பட்டியலை நீட்டினாராம். நாடி பிடித்துப் பார்க்காமலே சங்கு ஊதச் சொல்லும் வைத்தியரை நாம் ஏற்போமா? மிஷின் என்றால் மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்?

நானே அதைத் தூக்கிக்கொண்டு பாலக்கரையில் ஒரு சந்துக்குப் போனேன். அங்கே ஒரு மெக்கானிக் இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல். அவர் செய்த சோதனை மூன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் என்பதால் எழுதுகிறேன்.

ஒன்று, அமுக்கம். சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தொங்கவிட்டார். சிலிண்டரில் அமுக்கம் நன்றாக இருந்தால் மிஷின் விக்கி விக்கி, மெதுவாக இறங்கும். சரசரவென்று இறங்கினால் ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்துவிட்டது. எங்களுடையது விக்கி விக்கித்தான் இறங்கியது. பிறகு சைலன்சரைக் கழற்றி, புகைத் துவாரம் வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைக் காட்டினார். மேலும் கீழுமாகக் கீறல் இருந்தால் ஆயில் கலக்காமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கீறல் இல்லை.

இரண்டு, தீப்பொறி. பிளக்கைக் கழற்றி உடம்பில் அணைத்துவைத்துக் கயிற்றை இழுத்தார். நீலமாகப் பொறி வந்தது.

மூன்று, பெட்ரோல். இங்கேதான் கோளாறு. கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய ஜவ்வு விறைத்துப் போயிருந்தது. பெட்ரோல் குழாய் கொழகொழவென்று ஆகியிருந்தது. காரணமும் சொன்னார். இப்போது பங்க்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பழைய காலத்து ரப்பருக்கு அது ஆகாது. டேங்கில் பெட்ரோலோடு மாசக்கணக்கில் மூலையில் போட்டுவைத்தால் இதுதான் நடக்கும். மிஷின் செய்த குற்றம் எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு அணைத்திருந்தால் இந்தச் செலவே கிடையாது.

டயாஃப்ரம் கிட், குழாய், ஃபில்டர், புது பிளக், கிராங்க் ஆயில் சீல், கூலி எல்லாம் சேர்த்து 2,350 ரூபாய். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. அந்த அளவு வேலைக்கு ஆகும் புது மிஷின் 40,000 ரூபாய்க்கு மேல். ஆன்லைனில் ஆறாயிரம் ஏழாயிரத்துக்கும் வருகிறது, மறுக்கவில்லை. அப்படி வாங்கிய இரண்டு மிஷின்கள் அதே பாலக்கரைப் பட்டறையில் கழற்றிய நிலையில் கிடந்தன. இரண்டாவது சீசன்கூடத் தாண்டவில்லையாம்.

"ஸ்பேர் வராது" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-ல் தொடங்கிய நிறுவனம் மரம் அறுக்கும் மிஷினுக்குப் பேர்போனது. முதலில் செய்தது இரண்டு ஆள் தூக்கும் மின்சார மிஷின். 1929-ல் பெட்ரோலில் ஓடுவது வந்தது. ஒரே ஆள் தூக்குவது 1950-ல். அவர்களுடைய 070 என்ற மாடல் 1960களின் கடைசியில் வந்தது. நூறு சிசிக்கு மேல், சும்மாவே பத்துக் கிலோவுக்கு மேல் எடை. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இன்றைக்கும் ஓடுகிறது. அதைப் பார்த்து அச்சு அசலாகச் சீனாவில் நகல் செய்கிறார்கள். நகலின் பாகங்கள் அசலிலும் பொருந்துகின்றன. அரை நூற்றாண்டுக்கு முந்தைய வடிவத்துக்கே இந்தக் கதை. தேடாதவருக்குத்தான் ஸ்பேர் வராது.

எல்லா மாடலுக்கும் இப்படி அமையாது என்பது உண்மை. அதனால்தான் இது வாங்குகிறவனின் உரிமைப் பிரச்சினையாகிறது. 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் வந்தது. அதில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் ஒன்று விவசாயக் கருவிகள். இன்னும் அது சட்டமாகவில்லை. ஸ்பேரும், கழற்றிப் பூட்டும் கையேடும், வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று நாம் கேட்காவிட்டால் யார் கேட்பார்கள்? போனுக்குக் கேட்கிறோம். தோப்புக்காரனின் மிஷினுக்குக் கேட்க மாட்டோமா?

இனி மதிப்புப் பற்றி. காயலான் கடைக்காரருக்குத் தராசுதான் அளவுகோல். அலுமினியமாகவும் இரும்பாகவும் பிரித்துப் போட்டால் 2,000 ரூபாய்கூடத் தேறாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர் தொழில். நமக்கு வேறு அளவுகோல் வேண்டும். அமுக்கம் இருக்கிறதா? கிராங்க் ஷாஃப்ட்டில் ஆட்டம் இருக்கிறதா? உடம்பில் வெல்டிங் பார்த்த தழும்பு உண்டா? பாகங்கள் அசலா, நகலா? டயாஃப்ரமும் சீலும் தேய்மானப் பொருள். அவற்றுக்காக விலையைக் குறைக்கக் கூடாது. சிலிண்டர் போயிருந்தால் குறைக்கலாம். இந்த நாலு கேள்வியைக் கேட்காமல் "பழசு" என்ற ஒற்றை வார்த்தையில் விலை வைப்பவர் ஒன்று தெரியாதவர், அல்லது நம்மை ஏய்ப்பவர்.

வெளிநாட்டில் இந்த மிஷின்களைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரிலும் ஒன்றிரண்டு பேர் தொடங்கியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. வாங்கியதும் பளபளவென்று ஸ்ப்ரே பெயிண்ட் அடித்து, ஷோகேஸில் வைத்து, படம் எடுத்துப் போடுகிறார்கள். கயிற்றை இழுத்தே பார்ப்பதில்லை. ஓடாத மிஷின் பாடம் செய்த புலி. சேகரிப்பவர் வருடத்துக்கு இரண்டு முறையாவது ஓட்ட வேண்டும், எந்த ஊரில் யாரிடம் என்ன வேலை செய்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும், பழைய பெயிண்டை அப்படியே விட வேண்டும்.

பழையதை ஓட்டுவது எப்படி என்று நமக்குச் சொல்லித்தர ஜெர்மனிக்காரர் வர வேண்டாம். நம் பொன்மலை ஒர்க்ஷாப் இருக்கிறது. 1920களின் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த பட்டறை. ஊட்டி மலை ரயிலை இழுக்கும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் 1914 முதல் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. அவை தளர்ந்தபோது பொன்மலைக்காரர்கள் ஸ்பேர் வராது என்று கைவிரிக்கவில்லை. பாகங்களைத் தாங்களே செய்தார்கள். 2010களில் புது எஞ்சினையே செய்து மலைக்கு அனுப்பினார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, ஒரு ஜவ்வு கிழிந்ததற்காக மிஷினைத் தூக்கிப் போடுகிறோம் என்றால் திருச்சிக்காரன் என்று சொல்லிக்கொள்ளலாமா?

இப்போது நியாயமான எதிர்ப்புகளுக்கு வருகிறேன்.

முதலாவது, பாதுகாப்பு. இதில் சமரசம் கிடையாது. மிஷினின் நுனி மரத்தில் முட்டினால் அது உதைத்து முகத்தை நோக்கித் திரும்பும். அதை நொடியில் நிறுத்தும் செயின் பிரேக் 1970களில்தான் பரவியது. நான் மேலே சொன்ன 070-க்கு அது கிடையாது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் அமைப்பும் கிடையாது. அதிர்வு வருடக்கணக்கில் கையில் ஏறினால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் வரும். ஆகவே பிரேக் இல்லாத பழைய மிஷினோடு யாரையும் மரத்தில் ஏற்றாதீர்கள். கூலிக்கு வரும் ஆளிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். தரையில் கிடக்கும் மரத்தை, பழகிய கை, கண்ணாடியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு அறுக்கட்டும். அதுவும் முடியாது என்றால் ஐ.டி.ஐ. பிள்ளைகள் கழற்றிப் பூட்டிப் பழகட்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டிப் புதிது வாங்குபவரோடு எனக்குச் சண்டையே இல்லை. பாதுகாப்பைச் சாக்காகச் சொல்லிவிட்டு, பிரேக் சரியாக வேலை செய்யாத மலிவு மிஷினை வாங்குபவரோடுதான் சண்டை.

இரண்டாவது, "சார், நீங்களே மரம் நடச் சொல்வீர்கள். இப்போது மரம் வெட்டும் மிஷினுக்கு வக்காலத்தா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. கஜா அன்றைக்கு மரத்தைச் சாய்த்தது காற்று. பட்டுப்போன தென்னையை அப்படியே விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி அடுத்த மரத்துக்குப் போகும். அறுக்கத்தான் வேண்டும். எதை அறுக்கலாம், எதைக் கூடாது என்பது மனிதன் எடுக்கும் முடிவு. வண்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய செயினின் பல் வடிவமே ஒரு வண்டின் புழுவிடம் கற்றதுதான். 1946-ல் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு கட்டையைக் குடையும் புழு தன் தாடையை இடமும் வலமுமாக அசைத்து அறுப்பதைக் கவனித்தார். அதே மாதிரி இடப்பல் வலப்பல்லாகச் செயின் செய்தார். அதுவரை செயினுக்கு அரம் போடுவதே பெரும்பாடு. காட்டில் ஒரு புழுவை உட்கார்ந்து கவனிக்க அந்த மனிதருக்கு நேரம் இருந்தது. நமக்கு ஒரு கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்க நேரம் இல்லையாம்.

மூன்றாவது, "மெக்கானிக் எங்கே சார் கிடைக்கிறார்?" இதுதான் என்னை உண்மையாகவே கவலைப்படுத்தும் கேள்வி. அந்தப் பாலக்கரைக்காரருக்கு இரண்டு பிள்ளைகள். இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பட்டறையில் எடுபிடிக்குக்கூட ஆள் இல்லை. "கேஸ் வந்தாத்தானே சார் பையன் வருவான்" என்றார். நாம் ஒவ்வொரு மிஷினையும் காயலான் கடைக்கு அனுப்பும்போது அவருக்கு வரவேண்டிய ஒரு வேலை குறைகிறது. வேலை குறைந்தால் அவர் கதவடைப்பார். அடுத்த புயல் வரும், வராமல் இருக்காது. அன்றைக்குப் புது மிஷின்கூட நின்றுவிட்டால் திறந்து பார்க்க ஆள் இருக்காது.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆசிரியர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் முடிப்பாரா?

வீட்டிலோ தோப்பிலோ நின்றுபோன மிஷின் இருந்தால், அது மரம் அறுப்பதோ மருந்தடிப்பதோ தையலோ, எடைக்குப் போடும் முன் ஒரு மெக்கானிக்கிடம் திறந்து காட்டுங்கள். திறக்காமல் தீர்ப்புச் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். டேங்கைக் காலி செய்துவிட்டு மூலையில் வையுங்கள். ஆயில் அளவை டப்பாவிலேயே எழுதி ஒட்டுங்கள்: ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி, பழைய மாடல்களில் இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லி. பெல்லிலும் பொன்மலையிலும் வேலை பார்க்கும் என் மாணவர்கள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுத் திண்ணை இருக்கிறது. பாலக்கரைக்காரரை நான் அழைத்துவருகிறேன். அவருக்கு உரிய கூலியை நாம் பகிர்ந்து கொடுப்போம். ஐ.டி.ஐ. படிக்கும் பையன்கள், பெண்கள் நாலு பேரைக் கூட்டிவாருங்கள். ஸ்பானர் நான் தருகிறேன்.

யாரிடம் என்ன மிஷின் இருக்கிறது, என்ன கோளாறு என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள். சிரிப்புப் பொம்மை மட்டும் போடுபவர்களுக்குப் பதில் கிடையாது.