தீரு நகரம் வீழ்ந்த விதம்

லெபனான் தேசத்தின் தென்கரையில், மத்தியதரைக் கடலுக்குள் நீட்டிய கரம்போல் ஒரு பட்டினம் இருக்கிறது. அரபியர் அதனைச் சூர் என்கின்றனர்; ஆங்கிலேயர் டயர் என்பர்; தமிழ் வேதாகமம் படித்தவர்கள் தீரு என்று அறிவர். 1984-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதன் புராதனச் சின்னங்களை உலகப் பொதுச் சொத்தாகப் பதிவு செய்தது. 2024 அக்டோபரில் இஸ்ரேலிய விமானங்கள் அப்பட்டினத்தின்மீது குண்டு வீசின. அடுத்த மாதமே அச்சின்னங்களுக்கு யுத்த காலத்துக்குரிய விசேஷப் பாதுகாப்பு அளிக்கவேண்டியதாயிற்று. அப்போது தீருவின் பழம்பெருமையை நினைவூட்டினோர் பலர். பெருமையைவிட அதன் வீழ்ச்சியே நாம் ஊன்றிக் கற்கத்தக்கது என்பது நமது அபிப்பிராயம்.

பெருமைக்குக் குறைவில்லை. கரையிலிருந்து ஏறக்குறைய அரை மைல் தூரத்தில் ஒரு பாறைத் தீவு, உழுவதற்கு நிலமில்லை. ஆயினும் அத்தீவினர் கடலையே வயலாகக் கொண்டனர். ஸாலமோன் அரசன் ஜெருசலேமில் ஆலயம் எடுத்தபோது கேதுரு மரமும் கைதேர்ந்த தொழிலாளரும் அனுப்பியவன் தீருவின் மன்னன் ஈராம் என்று வேதாகமம் கூறுகிறது. கடல் நத்தையிலிருந்து அவர்கள் எடுத்த இரத்தாம்பரச் சாயம் ராஜாக்களின் உடையாயிற்று. 1909-ல் பிரீட்லாந்தர் என்னும் ரசாயன சாஸ்திரி 12,000 நத்தைகளைக் கொண்டு 1.4 கிராம் சாயமே பெற்றார் என்றால், அதன் விலையை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம். பிற்காலத்தில் ரோமாபுரியையே நடுங்கவைத்த கார்த்தேஜ் நகரம், கி.மு. 814-ல் தீருவின் மக்கள் ஸ்தாபித்த குடியேற்றம் என்பது பழைய மரபு. பாபிலோனியச் சக்கரவர்த்தி நேபுகாத்நேச்சார் 13 ஆண்டு முற்றுகையிட்டும் அத்தீவைப் பலாத்காரமாகப் பிடித்ததாக வரலாறில்லை. உடன்படிக்கையிலேயே அம்முற்றுகை முடிந்தது.

அத்தகைய நகரம் கி.மு. 332-ல் ஏழே மாதத்தில் வீழ்ந்தது. வீழ்த்தியவன் அலெக்ஸாந்தர். தீருவின் தூதர்கள் அவனை எதிர்கொண்டு, அவன் கட்டளைக்குப் பணிவதாகவே கூறினர். தங்கள் தெய்வமாகிய மெல்கார்த்தின் கோயிலில் தான் பலியிட வேண்டும் என்றான் அவன். "கரையிலுள்ள பழைய தீருவிலும் கோயில் உண்டு, அங்கே பலியிடலாம், பாரசீகரையும் மாசிடோனியரையும் தீவுக்குள் அனுமதிக்க மாட்டோம்" என்பது அவர்கள் விடுத்த மறுமொழியின் சாரம். நியாய புத்தியுள்ளவன் இதில் என்ன குற்றம் காண்பான்? படையோடு வருபவன் பக்தியின் பேரால் கதவைத் திறக்கச் சொன்னால், வீட்டுக்குடையவன் தயங்குவது இயல்பே. தீருவினர் அவனுடைய தூதர்களைக் கொன்றனர் என்றும் ஒரு வரலாறு உண்டு. உண்மையாயின் அது மன்னிக்கத்தக்கதன்று. ஆனால் இவ்வழக்கில் நம்மை எட்டியுள்ள விரிவான சாட்சியம் யாவும் வென்றவர் தரப்பினது. தோற்றவரின் வாக்குமூலம் ஏட்டில் ஏறவேயில்லை.

கடலைத் தூர்த்து வழி போடத் துணிந்தான் அலெக்ஸாந்தர். பழைய தீருவின் வீடுகளை இடித்துக் கல்லும், லெபனான் மலையை வெட்டி மரமும் கொணர்ந்து, 200 அடி அகலத்தில் அணை வளர்ந்தது. தீருவினர் சும்மா இருக்கவில்லை. எரிபொருள் நிறைத்த ஒரு கப்பலைக் காற்று வாட்டத்தில் விட்டு, அணையின் முனையில் நின்ற கோபுரங்களைக் கொளுத்திவிட்டனர். பல வார வேலை ஒரே நாளில் பாழாயிற்று. கடல் தீருவின் வசத்தில் இருந்தவரையில் அணை முடியாது என்பதை அலெக்ஸாந்தர் கண்டுகொண்டான். அவனுக்குக் கப்பல் வேண்டும். அக்கப்பல்களைக் கொடுத்தவர் யார்?

இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம். சீதோனும் பிப்லோஸும் அர்வாதும் தீருவின் உடன்பிறந்த நகரங்கள். ஒரே பாஷை, ஒரே எழுத்து. அவை முன்னமே அலெக்ஸாந்தருக்குப் பணிந்திருந்தன. தருணம் பார்த்து அவற்றின் கப்பல்கள் சுமார் 80 அவனிடம் வந்து சேர்ந்தன. சைப்ரஸ் தீவின் அரசர்கள் 120 கொணர்ந்தனர். அன்றே தீருவின் விதி முடிந்தது. துறைமுகங்கள் அடைபட்டன, அணை நிறைவேறியது, கப்பலில் ஏற்றிய இயந்திரங்கள் தென்மதிலைப் பிளந்தன. மாண்டவர் 8,000 பேர், அடிமைகளாய் விற்கப்பட்டவர் 30,000 பேர் என்கிறார் ஏரியன். கடற்கரை நெடுகிலும் 2,000 பேர் சிலுவைகளில் அறையப்பட்டனர் என்கிறார் கர்ட்டியஸ். அதன் பின்பு அலெக்ஸாந்தர் மெல்கார்த்தின் கோயிலுக்குச் சென்று, தான் விரும்பிய பலியைச் செலுத்தினான். நம் பாடசாலைச் சரித்திரங்களோ அவன் பெயருக்குமுன் 'மகா' என்ற அடைமொழியைப் பெரும்பாலும் மறப்பதில்லை.

சீதோனுக்கும் ஒரு சமாதானம் இருந்தது என்று சொல்வோர் உண்டு. கி.மு. 345-ஐ ஒட்டிப் பாரசீகருக்கு எதிராகக் கலகம் செய்து, தன் சொந்த அரசனாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, எரிந்து சாம்பலான நகரம் அது. அந்த ரணம் ஆறுமுன் பாரசீகரை ஓட்ட ஒருவன் வந்தால், அவனை ரட்சகன் என்று எண்ணுவது மனித சுபாவம். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பழைய எஜமானன்மீதுள்ள கோபத்துக்காகப் புதிய எஜமானனிடம் சகோதரனின் கழுத்தைக் கொடுப்பது விடுதலை ஆகுமா? கதவின் பூட்டு மாறியதேயன்றி, சாவி சீதோனின் கைக்கு வரவில்லை.

இதே ஜனங்கள் வேறு விதமாகவும் நடந்ததுண்டு. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன், பாரசீகச் சக்கரவர்த்தி காம்பைஸஸ் கார்த்தேஜின்மீது படையெடுக்கச் சொன்னபோது, "அவர்கள் எங்கள் பிள்ளைகள், எங்களுக்குள் சத்தியப் பிரமாணம் உண்டு" என்ற கருத்தைக் கூறிப் பினீஷியர் மறுத்துவிட்டதாக ஹெரடோட்டஸ் எழுதுகிறார். அந்த மறுப்பினால் அப்படையெடுப்பே கைவிடப்பட்டது. சாம்ராஜ்யங்களின் பலம் பெரும்பாலும் கடன் வாங்கிய பலம் என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டுமா? கி.மு. 332-லும் அவ்வுணர்ச்சி அடியோடு மாளவில்லை. மதில் இடிந்து கொலை நடக்கையில், சீதோனின் மாலுமிகள் 15,000 பேரை இரகசியமாகத் தங்கள் கப்பல்களில் ஏற்றித் தப்புவித்தனர் என்கிறார் கர்ட்டியஸ். அந்த இரக்கம் போற்றத்தக்கது. ஆனால் ஏழு மாதம் பிந்தி வந்தது. முற்றுகைக்குக் கப்பல் தர மறுத்திருந்தால், தப்புவிக்கவேண்டிய அவசியமே நேர்ந்திராதல்லவா?

தீரு மடிந்துவிடவில்லை. இருபது ஆண்டு நிறைவதற்குள் அது மறுபடி தலைநிமிர்ந்து, ஆண்டிகோனஸ் என்னும் மாசிடோனியத் தளபதியின் முற்றுகையை 15 மாதம் தாங்கியது. ஆனால் தீவாக மட்டும் அது மீண்டும் ஆகவில்லை. அலெக்ஸாந்தரின் அணைமீது அலைகள் மணலைக் குவித்துக் குவித்து, இன்று அது அகன்ற நிலமாய்க் கரையோடு ஒன்றியிருக்கிறது. அந்நியன் போட்ட கல்லைக் கடலில் நிலைக்கச் செய்தவை உடன்பிறந்தோரின் கப்பல்களே. பக்கத்து வீட்டாருடன் பகை வரலாம்; வழக்கு வரலாம்; அவற்றைத் தம்முள் பேசித் தீர்த்துக்கொள்வதற்குக் காலம் உண்டு. ஆயுதந்தாங்கி வந்த மூன்றாமவன் கடன் கேட்கும் கப்பலைத் தருவதா மறுப்பதா என்பதே ஒரு ஜாதியின் மானத்தை நிர்ணயிக்கும் கேள்வி. சுதந்திரத்தை விரும்பும் சிறு தேசங்கள் ஒவ்வொன்றும் இதனை நெஞ்சில் பதித்துக்கொள்ளுமாக.