மறைவிலே வருந்தும் மகளே



மாற்கு 5-ஆம் அதிகாரத்திலே, பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் வருந்திய ஸ்திரீயைக் காண்கிறோம். அவள் பின்னாக வந்து, ஒருவரும் அறியாதபடி இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். கர்த்தரோ அவளை மறைவில் விட்டுவிடாமல், எல்லாருக்கும் முன்பாக மகளென்று அழைத்தார். நோயோடு வெட்கத்தையும் நீக்கினார்.

அந்த வெட்கம் நம் வீடுகளில் இன்றும் குடியிருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் குறித்து நம் சபைகள் பேசுவதில்லை. ஆனால் முன்கூட்டியே தடுக்கக்கூடிய புற்றுநோய்களுள் இது முதன்மையானது. ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் இதற்குக் காரணம் என்று கண்டறிந்த ஹரால்டு சூர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். தேவன் நம் சரீரத்தில் வைத்த எதிர்ப்பாற்றல், பெரும்பாலான பெண்களிடத்தில் இவ்வைரஸை ஓரிரு ஆண்டுகளில் நீக்கிவிடுகிறது. சிலரிடத்தில் மட்டுமே அது தங்கி, வயது ஏற ஏற, பெரும்பாலும் பத்து இருபது ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறுகிறது. அந்த நீண்ட இடைவெளி நமக்கு அருளப்பட்ட கிருபையின் காலம்.

அக்காலத்தைப் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதை நம் தமிழ்நாடே உலகுக்குக் காட்டியது. 2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக சுகாதார மையமும் அதில் பங்கேற்றது. பயிற்சி பெற்ற செவிலியர், வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்த்துத் தடவி, வெண்மையாகும் இடங்களைக் கண்ணால் கண்டறிந்தனர். 2007-இல் லான்செட் இதழ் முடிவை வெளியிட்டது: அழைக்கப்பட்ட பெண்களிடையே, மற்றவர்களைவிட இந்நோய் 25 சதவீதமும் இதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன.

ஆயினும் அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேரே. மருத்துவம் வாசல்வரை வந்தும், மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலானோர் வரவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவது சபையின் கடமை என்பதே என் கருத்து.

"ஜெபிக்கிறோமே, பரிசோதனை எதற்கு?" என்பார் உண்டு. நெகேமியா ஜெபித்ததோடு நில்லாமல் காவலையும் வைத்தான். காவல் வைப்பது அவிசுவாசமல்ல. இன்னொன்றையும் தெளிவாய்ச் சொல்லவேண்டும். இவ்வைரஸ் தாம்பத்திய உறவின் வழியே வெகு சாதாரணமாய்ப் பரவக்கூடியது. பல ஆண்டுகள் வெளித்தெரியாமலும் இருக்கும். ஆதலால் இதைக் காரணமாக்கி ஒரு பெண்ணின் நடத்தையைச் சந்தேகிப்பது அறியாமை. அது அவளுக்கு விரோதமான பாவமும்கூட.

முகையூர்ப் பகுதித் தாய்மார்களே, 30 வயதைக் கடந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. மாதவிலக்கு நின்றபின் உதிரம் கண்டால் ஒரு நாளும் தாமதியாதிருங்கள். பெண்பிள்ளைகளுக்குரிய தடுப்பூசியைக் குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். புருஷர்களே, உங்கள் மனைவியைத் தனியே அனுப்பாமல் உடன் செல்லுங்கள்.

மறைவில் வருந்துகிற ஒவ்வொரு மகளையும் கர்த்தர் தைரியப்படுத்துவாராக. ஆமென்.