முதல்ல ஜிக், அப்புறம் மோட்டார்

கத்தி செய்யப் பழகுற தம்பிகளுக்காக ஒரு நீண்ட இழை. இரும்பு வேலை என் தொழில் இல்லை. அந்த வேலைல அடிபட்டு வர்ற கண்ணும் விரலும்தான் என் தொழில். அந்த உரிமைல பேசுறேன்.

தேனி, போடி, சின்னமனூர், கம்பம்னு எங்க பக்கம் கத்திக்குப் பஞ்சமே கிடையாது. வாழைக்கு ஒண்ணு, தென்னைக்கு ஒண்ணு, கதிர் அறுக்க ஒண்ணு, ஏலத்தோட்டத்துக்கு மலையேறுறவங்க கையில ஒண்ணு. பட்டறைல ஆசாரி, லாரி ஸ்பிரிங் பட்டாவைக் காய்ச்சி அடிச்சு, அரத்தால ராவி, சாணை பிடிச்சுக் கொடுப்பார். இப்போ அதே பட்டாவை வாங்கி, வீட்டுக் கொட்டகைல தானே கத்தி செய்யணும்னு சில இளைஞர்கள் கிளம்பியிருக்காங்க. யூடியூப்ல பார்த்து, பழைய மோட்டார், லேத்துல கடைஞ்ச புல்லி, 2 இஞ்ச் அகலம் 72 இஞ்ச் நீள எமரி பெல்ட்னு பெல்ட் கிரைண்டரையும் அவங்களே கட்டுறாங்க.

எனக்கு இதுல சந்தோஷம்தான். (பிறந்தநாள் கேக் வெட்டப் பட்டாக்கத்தி கேட்கிற கோஷ்டிக்கு இந்த இழை இல்லை. வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ இல்லாம, 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ வச்ச கத்தி ஆயுத விதிகளுக்குள்ள வந்துடும். அதை உங்க வக்கீல்கிட்ட பேசிக்கோங்க.)

சந்தோஷத்துக்குக் காரணம் இருக்கு. இதுவரைக்கும் வீட்டுல கத்தி ராவுறவங்க பெரும்பாலும் கையில பிடிக்கிறது ஏஜி ஃபோர், அதாவது 4 இஞ்ச் கிரைண்டர். நிமிஷத்துக்கு 11,000 சுத்து. கணக்குப் போட்டா டிஸ்க்கோட ஓரம் செகண்டுக்கு 57 மீட்டருக்கு மேல ஓடுது. 1,440 சுத்து மோட்டார்ல 6 இஞ்ச் புல்லி போட்ட பெல்ட், செகண்டுக்கு சுமார் 11 மீட்டர்தான். அஞ்சுல ஒரு பங்கு. அதோட பெல்ட் கிரைண்டர் ஒரே இடத்துல நிக்கும், நாமதான் கத்தியை அதுகிட்ட கொண்டுபோறோம். ஏஜி ஃபோர் கையில துள்ளும். டிஸ்க் உடைஞ்சா துண்டு முகத்துக்குத்தான் வரும். அதுலயும் எங்க ஊர்ல மெஷின் வாங்கின அன்னைக்கே கார்டைக் கழட்டி மூலைல போட்டுடுவாங்க. ஏன்னு கேட்டா "வேலைக்கு இடைஞ்சல் சார்".

என் வருத்தம் வேற இடத்துல. கைல இருக்கிற காசு முழுக்க மோட்டாருக்கும் பெல்ட்டுக்கும் போயிடுது. கார்டும் ஜிக்கும் "அப்புறம் பார்த்துக்கலாம்". ஜிக் இல்லாம வெறுங்கையால சரிவு எடுக்கிறதுதான் கைப்பழக்கம், ஜிக் வச்சு ராவுறது விளையாட்டுப் பிள்ளைங்க வேலைன்னு ஒரு பெருமை வேற.

இந்தப் பெருமை எனக்குப் புரியவே இல்லை. 4 மில்லிமீட்டர் தடிமன் பட்டா, 30 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சரிவு எடுக்கணும்னா ஒவ்வொரு பக்கமும் 3.8 டிகிரி. ஒரு டிகிரி பிசகினா அரை மில்லிமீட்டர் போச்சு. ஓடுற பெல்ட் முன்னாடி, பொறி பறக்க, இந்த டிகிரியை மணிக்கட்டால பிடிக்கிறது முப்பது வருஷம் உலையடில உட்கார்ந்த ஆசாரிக்கு வரும். மூணு வீடியோ பார்த்தவனுக்கு வராது. வராதப்போ என்ன பண்ணுவான்? கட்டைவிரலை அலகுக்குப் பின்னாடி கொடுத்து அழுத்துவான். பெல்ட் அலகைக் கவ்வி இழுத்தா மிச்சம் நிக்கிறது அந்த விரல்தான்.

ஜிக்னா பெரிய வித்தை இல்லை. பெல்ட்டுக்கு முன்னாடி அசையாத ஒரு இரும்புத் தட்டு, பெல்ட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல 3 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி வேண்டாம். தட்டு மேல இடவலமா நகருற ஒரு எல் ஆங்கிள் துண்டு. அதுல ஒரு கீல், கீல்ல ஒரு பட்டைத் தகடு, தகட்டுல கத்தியைப் பிடிச்சுக்கிற கிளாம்ப். பின்னாடி ஒரு போல்ட்டு. போல்ட்டைத் திருகினா சாய்வு மாறும். உங்க ரெண்டு கையும் ஆங்கிளுக்குப் பின்னாடி, பெல்ட்டை விட்டுத் தள்ளி இருக்கும். நான் சொல்ல வந்ததே இந்தக் கடைசி வரிதான். சரிவு நேரா வர்றது அதோட கொசுறு. பழைய கதவுக் கீலும் லேத்துக் கடைத் துண்டு இரும்பும் போதும். மோட்டார் விலையோட பார்த்தா இது ஒரு செலவே இல்லை.

கிளவுஸ் பத்திக் கேட்பீங்க. சுத்துற மெஷின் முன்னாடி துணி கிளவுஸ் போடாதீங்க. பெல்ட் நூலைப் பிடிச்சா கையையே உள்ள இழுக்கும். தோள்ல துண்டு, லுங்கி, கையில கயிறு, எல்லாத்துக்கும் இதே கதைதான். வீரபாண்டி கௌமாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தா, கயிறு இறங்குற வரைக்கும் மெஷினைத் தொடாதீங்க. அறுக்கச் சொல்ல எனக்கும் மனசு வராது.

ராவும்போது அலகு சூடேறும். ஓரம் நீலமானா பதம் போச்சுன்னு அர்த்தம், அதனால அடிக்கடி வாளித் தண்ணில முக்குவீங்க. ஈரக் கை, இரும்பு மெஷின், கரண்ட். எர்த்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி-யும் இல்லாம இதை ஓட்டவே கூடாது. மோட்டாரை விட்டுட்டாவது இதை வாங்குங்க.

தூசியை யாரும் மதிக்கிறதில்லை. இங்கிலாந்துல ஷெஃபீல்டு நகரம் கத்திக்குப் பேர் போனது. உலர்ந்த சாணைக்கல்லுல வேலை பார்த்தவங்க அங்க நுரையீரல் கெட்டு இளம் வயசுலயே செத்தாங்க. கால்வர்ட் ஹாலண்ட்னு ஒரு டாக்டர் 1843-ல இதைப் பத்திப் புத்தகமே போட்டார். தூசியை இழுக்கிற ஏற்பாடு வந்தப்போ சில இடத்துல தொழிலாளிகளே அதை உடைச்சாங்கன்னு எங்கெல்ஸ் 1845-ல எழுதியிருக்கார். தொழில் ஆபத்தில்லாம ஆயிட்டா ஆள் கூடிடும், கூலி குறைஞ்சிடும்னு பயமாம். கார்டைக் கழட்டுற நம்ம ஆளுங்களுக்கு அந்தக் காரணம்கூட இல்லை. இன்னைக்கு எமரி பெல்ட் அந்தக் கல்லு மாதிரி இல்லைதான், ஆனாலும் என்95 மாஸ்க் போடுங்க.

இப்போ கண். பெல்ட் கீழ்நோக்கி ஓடுற மாதிரி கட்டுங்க, பொறி காலடிக்குப் போகும். பக்கமும் மூடின கண்ணாடி போடுங்க, கூலிங் கிளாஸ் கணக்குல வராது. அதையும் மீறி இரும்புத்தூள் கருவிழில ஒட்டினா, நாக்கால எடுக்கிறது, முந்தானை நுனியால துடைக்கிறது, தாய்ப்பால் விடுறது எதுவும் வேண்டாம். ஒரு நாள்லயே தூளைச் சுத்தித் துரு வளையம் பிடிக்க ஆரம்பிக்கும். அதைவிடப் பெரிய வினை, மெடிக்கல்ல கேட்டு வாங்குற சொட்டு மருந்து. அதுல ஸ்டீராய்டு இருந்து, காயத்துல பூஞ்சை சேர்ந்தா கண்ணே போகலாம். தேனி தனி மாவட்டமாகிறதுக்கு முன்னாடி மதுரை மாவட்டத்துல எடுத்த ஆய்வுல, வருஷத்துக்கு 10,000 பேர்ல 11 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்காவுல ஒரு கவுண்டில பார்த்ததைப் போல பத்து மடங்கு. வயல் மண்ணும் பூஞ்சையும் நம்ம ஊர்ல அவ்வளவு. அரசு ஆஸ்பத்திரி கண் பிரிவு இருக்கு, தேனிலயே அரவிந்த் இருக்கு. அன்னைக்கே போங்க. தூள் கண்ணுக்குள்ள துளைச்சுப் போயிருந்தா தேய்க்காதீங்க, அழுத்தாதீங்க. பின்னாடி எப்போ எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும் "இரும்பு வேலை பார்க்கிறேன்"னு முதல்லயே சொல்லிடுங்க.

விரல் துண்டாயிட்டா: சுத்தமான ஈரத்துணில சுத்தி, தண்ணி புகாத கவர்ல கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணில வைங்க. விரலை நேரா ஐஸ்ல போட்டுக் கொண்டு வராதீங்க, திசு உறைஞ்சு கெட்டுப்போகும். காயத்தை அழுத்திக் கட்டி, கையைத் தூக்கிப் பிடிச்சு, 108-ஐக் கூப்பிடுங்க. கம்பத்துல இருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல, மணிக்கணக்கு அங்கேயே ஓடிடும்.

கேள்வி இருந்தா கேளுங்க, டியூட்டி முடிஞ்சு பதில் போடுறேன். எத்தனை எச்பி மோட்டார் வாங்கலாம்னு மட்டும் என்கிட்ட கேட்காதீங்க. அது உங்க எலக்ட்ரீஷியன் ஏரியா.